ஃபக்ருதீன் பாயின் தணிகை ஒன்பது

திருத்தணியில் கம்ப்யூட்டர் என்ற சாமானை முதன்முதலில் கழற்றி உள்ளே பார்த்த ஆள் ஃபக்ருதீன்தான். இதை அவரே சொல்வார். இல்லை என்று சொல்ல இன்றுவரை ஒருத்தரும் முன்வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். மேலே படித்திருந்தால் எவனிடமாவது சம்பளத்துக்குக் கைகட்டி நின்றிருப்பார்; நிறுத்தினதால் முதலாளி ஆனார். இது அவருடைய கணக்கு. கணக்கில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

இளவயதில் லுங்கி வியாபாரம். பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருந்த வீடுகளில் பேர் இல்லாத லுங்கியைக் கட்டுக் கட்டாக எடுத்து, ‘இரட்டைக் குடை’ என்று லேபிள் ஒட்டி, ஆந்திரத்து நகரி, புத்தூர் பக்கம் கொண்டுபோய் விற்றார். அதே தறியில் இறங்கிய அதே லுங்கிக்கு வேறு வியாபாரிகள் வேறு லேபிள் ஒட்டினார்கள். வாங்கினவர்களோ, குடை லுங்கி சாயம் விடாது, மற்றதெல்லாம் முதல் தண்ணீரிலேயே வெளுத்துவிடும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அப்போதே ஃபக்ருதீனுக்கு ஒன்று விளங்கிவிட்டது. நெய்கிறவன் துணியைத்தான் நெய்கிறான். அதை லுங்கியாக ஆக்குகிறவன் லேபிள் ஒட்டுகிறவன்.

லுங்கிக்குப் பிறகு ரேடியோ, ரேடியோவுக்குப் பிறகு டி.வி., அதற்கும் பிறகு சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவந்து தூசி தட்டி விற்கிற கடை. மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வந்து உட்காரும் கடை அதுதான். உட்கார்ந்தவர்கள் சார்ஜ் ஏறும்வரை அவருடைய வரலாற்றைக் கேட்டாக வேண்டும். அதற்குத் தனியாக எதுவும் வாங்கமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பொதட்டூர்பேட்டை நெசவாளர் சங்கத்துத் தலைவி சுலோச்சனா வந்து சேர்ந்தாள். இரண்டு விசைத்தறிக்காரி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரல். ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிவரை கேட்கும். சென்னையில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைச் சங்கத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்திருந்தார்கள். கரையையும் கட்டத்தையும் திரையிலேயே வரைந்து பார்த்துவிட்டால், மாதிரிக்கென்று பாவு ஓட்டி நூலை வீணாக்க வேண்டாம் என்பது அவள் கனவு. ஆனால் அந்தப் பெட்டிகளைத் தட்டினால் விசிறி மட்டும் சுற்றும். உள்ளே இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் எழுந்து உட்காருவதற்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து போய்விடுவான். சங்கத்துப் பொருளாளர் வேணு சும்மா இருக்கவில்லை. பொதுக்கூட்டத்தன்றே அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போக அரக்கோணத்துக் காயலான் கடை லாரிக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குது. உள்ள இருக்கிற மேஸ்திரி சோம்பேறி. அவன மாத்தணும்," என்றார் ஃபக்ருதீன்.

"வேற மேஸ்திரி எங்க பாய் கிடைப்பான்?"

"கிடைக்கிறது இன்னா, நானே பண்ணித் தரேன். என் சொந்த சிஸ்டம்."

கடையில் மொட்டைத் தலைகள் நிறைய இருந்தன. அத்தனையும் திரும்பிப் பார்த்தன. வாயை விட்டு வந்த சொல்லை ஃபக்ருதீன் திரும்ப எடுத்துக்கொண்டதாக அவர் வரலாற்றிலேயே கிடையாது. பொதுக்கூட்டத்தில் எல்லாப் பெட்டியும் எழுந்து நிற்கும், ஒரு பெட்டிகூட லாரி ஏறாது என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். சுலோச்சனா நம்பிக்கையோடு பஸ் ஏறிப் போனாள். நம்பாமல் என்ன செய்வாள், அவளுக்கு வேறு வழியும் இல்லை.

வீட்டில் மகள் ஷபீனா இருந்தாள். கம்ப்யூட்டரே படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறவள்; பாதி நாள் மாடி அறையில், பாதி நாள் மின்சார ரயிலில். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு விளக்கினாள். சிஸ்டத்தைச் சூனியத்திலிருந்து யாரும் செய்வதில்லை. டெபியன் என்று ஒன்று இருக்கிறது. உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்து, வேறு பேர் வைத்துப் பென்டிரைவில் போட்டால் புது சிஸ்டம்.

ஃபக்ருதீன் தொடையில் தட்டினார். "அட, லேபிள் வேலை. இதுக்கா நாலு வருஷம் காலேஜுக்குப் போன?"

ஒரு நிபந்தனை உண்டு என்றாள் ஷபீனா. வெளியே பேரை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் உள்ளே ஒவ்வொரு துண்டையும் செய்தவர்களின் பேர் அங்கங்கே எழுதியிருக்கும். அதை அழிக்கக் கூடாது.

"நெய்தவன் பேர லுங்கியில எவனாவது போடுவானா?"

"போட்டிருக்கணும் அத்தா."

 ஃபக்ருதீன், தேநீர் ஆறிப்போயிற்று என்று மனைவி ரம்ஜான் பீயைக் கூப்பிட்டார்.

வேலை ஆரம்பமாயிற்று. விசைப்பலகையில் ஷபீனா, அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் ஃபக்ருதீன். அவள் கட்டளை அடிப்பாள், அவர் கட்டளை இடுவார். டெபியனுக்குள் இருந்த சாமான்களின் பட்டியலைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெட்டிதான் எழுந்திருக்கும்? ஐஸ்லாந்து மொழி எதற்கு, எடு. அந்த ஊர்க்காரன் பொதட்டூர்பேட்டைக்கு எப்போது வரப்போகிறான்? வந்தால், என்றாள் மகள். வந்தால் தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்றார் அப்பா. தெலுங்கை மட்டும் இருக்கட்டும் என்று விட்டார். நகரிக்காரன் சரக்கு எடுக்க வருவான். சீட்டாட்டம் எடு, சங்கத்தில் ஆண்களும் இருக்கிறார்கள். புளூடூத் எடு, பக்கத்து வீட்டுக்காரன் அந்த வழியாக உள்ளே வந்துவிடுவான். பாட்டுப் போடுகிற ஒன்றைக் காட்டி, இதையும் எடு என்றார். வேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு வேறு பல நிற்கின்றன என்றாள் ஷபீனா. எடு என்றால் எடு. எடுத்தாள். பாவில் தெரியாமல் ஒரு இழையைப் பிடித்து இழுத்தது போலத் திரையில் இருந்த அத்தனையும் சரசரவென்று கழன்று ஓடி, கடைசியில் கறுப்பாக ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"ரொம்ப லேசாயிடுச்சி பார்," என்றார் ஃபக்ருதீன். மனம் தளர்கிற ஆள் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை பாட்டு இருந்தது.

பேர் தணிகை. அதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. சொந்த ஊர்ப் பேரை வைக்காமல் வேறு எந்த ஊர்ப் பேரை வைப்பது? பின்னால் ஒரு எண் போடவேண்டும், முதல் பதிப்பு என்பதால் ஒன்று என்றாள் ஷபீனா. ஃபக்ருதீன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று என்று போட்டால் கைப்பழக்கம் இல்லாதவன் செய்தது என்று ஜனம் நினைக்கும். ஒன்பது போடு என்றார். அப்படி, முன்னால் எட்டுப் பேர் பிறக்காமலேயே தணிகை ஒன்பது பிறந்தது. கடையில் கிடந்த கிழட்டுப் பெட்டி ஒன்றில் போட்டுத் தட்டினார்கள். தேநீரில் சர்க்கரை கரைகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்தது. ரம்ஜான் பீகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திருத்தணிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிளெக்ஸ் பேனர் இல்லாமல் இங்கே எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்காது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, போர்வெல்லில் தண்ணீர் வந்தது, எருமை பரிசு வாங்கியது, எல்லாவற்றுக்கும் பேனர். நடுவில் காரணகர்த்தா, சுற்றிலும் வாழ்த்துகிறவர்கள், உறவு முறைப்படி, மரியாதை முறைப்படி, வட்ட வட்டமான போட்டோக்களில். அதில் ஒரு முகம் விட்டுப்போனால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கம்ப்யூட்டரைத் தட்டினதும் முதலில் வருகிற படம் இருக்கிறதே, அது சிஸ்டத்தின் வாசல். வாசலைச் சும்மா விட முடியுமா?

பிளெக்ஸ் கடை சக்திவேலிடம் போனார் ஃபக்ருதீன். சேதி பரவிவிட்டது. பென்டிரைவ் இரவல் கொடுத்த வகையில் வேணு தன் போட்டோவைக் கொடுத்தார். லாரிக்குச் சொல்லிவிட்டவர் அவர்தான் என்றாலும், அது வேறு, இது வேறு என்றார். சுலோச்சனா போட்டோ வேண்டாம் என்றாள். தலைவி இல்லாமல் எப்படி என்று வேணுவே போடச் சொன்னார். அதைக் கேட்டுச் சங்கத்தார் ஒவ்வொருவராகத் தங்கள் போட்டோவையும் கொண்டுவந்தார்கள். ரம்ஜான் பீயின் தம்பி அமான், அரக்கோணத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வந்தவன் சும்மா போகவில்லை.

"இன்னா மச்சான், எவனோ பெத்த புள்ளைக்கு நீ மொட்டை அடிச்சி பேர் வெச்சிகினு இருக்கிறியாம்?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் தன் போட்டோவையும் அனுப்பினான். காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற போட்டோ. கார் அவனுடையது இல்லை. ரம்ஜான் பீக்கு ஒரே நிபந்தனை: தன் போட்டோ கூடவே கூடாது, ஆனால் தம்பி போட்டோ தன் போட்டோவைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சக்திவேல் இதற்கு ஒரு அளவு கண்டுபிடிக்கப் பாதி நாள் யோசித்தான்.

நடுவில் ஃபக்ருதீன், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, ஒரு கை பூமி உருண்டையின் மேல். ‘தணிகை ஒன்பதின் தந்தையே வருக’ என்று மேலே வளைவாக எழுத்து. சக்திவேல் அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். ஷபீனா அன்று சென்னையில் இருந்தாள். அவள் அடிக்கிற கட்டளைகளை முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து ஃபக்ருதீனுக்கு மனப்பாடம். படத்தை வைத்தார், கட்டளைகளை அடித்தார், பென்டிரைவில் இறக்கினார். கடையிலேயே நல்ல கம்ப்யூட்டர் எதுவோ அதில் போட்டுப் பார்த்தார். படம் வந்தது, படத்துக்குப் பின்னால் சிஸ்டமும் வந்தது. மகள் உதவி இல்லாமல் முடித்த சந்தோஷத்தில் ஒரு மொட்டைத் தலைக்குப் புது சார்ஜரே இனாமாகக் கொடுத்துவிட்டார்.

பொதுக்கூட்டத்தன்று பொதட்டூர்பேட்டையில் சங்கத்து வாசலில் லாரி வந்து நின்றுவிட்டிருந்தது. பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஊரே இருந்தது. அமான் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் தறிகள் தடதடக்க, ஃபக்ருதீன் ஒவ்வொரு பெட்டியாகப் போய்த் தன் சிஸ்டத்தை இறக்கினார். எல்லாம் முடிந்ததும் நடுவில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து ஒரு சலாம் வைத்து, தட்டச் சொன்னார்.

திரைகள் இருண்டன. கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம். பிறகு எல்லாத் திரையிலும் ஒரே சமயத்தில் படம் மலர்ந்தது.

கூட்டம் எழுந்துவிட்டது. தன் முகம் எங்கே என்று ஒவ்வொருவரும் திரைக்குத் திரை ஓடினார்கள். எல்லாவற்றிலும் அதே முகங்கள்தான், ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டுமே. வேணு தன் வட்டத்தைச் செல்போனில் போட்டோ எடுத்தார். அமான் தன் வட்டத்தில் காரின் பின்பக்கம் வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டு வருத்தப்பட்டான். லாரி டிரைவர்கூட உள்ளே வந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பணிவாகக் கேட்டான். கைதட்டல் தறிச் சத்தத்தை அமுக்கியது. ஃபக்ருதீன் அதை நின்று வாங்கிக்கொண்டார்.

சுலோச்சனா மட்டும் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "பாய், கரை எங்க வரையறது?"

"வரும்மா. மொதல்ல மரியாதை, அப்புறம் வேலை."

மரியாதை முடியவில்லை. தேநீர் வந்தது, குடித்தாயிற்று, டம்ளர்களும் திரும்பிப் போயின. திரையில் ஃபக்ருதீன் பூமி உருண்டையைப் பிடித்தபடியே நின்றார். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அசையவில்லை. வேணு மெல்ல வாசல்பக்கம் போய், பெட்டிகளை எந்த வரிசையில் ஏற்றலாம் என்று டிரைவரிடம் பேச ஆரம்பித்தார். சுலோச்சனா எழுந்திருக்காமல் மவுஸைப் பிடித்தபடி இருந்தாள். ஃபக்ருதீன் அவள் முகத்தைப் பார்த்தார். கைதட்டின கூட்டம் இன்னும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தது இவளுக்கு.

மூலையில் போய் நின்று ஷபீனாவுக்குப் போன் போட்டார்.

"நான் வெச்சிட்டுப் போனதுல எதையாவது மாத்தினீங்களா அத்தா?"

"ஒண்ணும் இல்ல. ஒரு போட்டோ."

"எவ்ளோ பெரிய போட்டோ?"

"பத்தடிக்கு எட்டடி."

ஷபீனாவுக்குப் புரிந்துவிட்டது. ரயில் சத்தத்துக்கு மேலே விளக்கினாள். சக்திவேல் கொடுத்தது ரோட்டு முனையில் கட்டுகிற பேனரின் ஃபைல். திரைக்கென்று சுருக்கவேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் பேனரைத் தவிர வேறு அளவு தெரியாது. கடையில் இருந்த நல்ல கம்ப்யூட்டர் அந்தப் பாரத்தைத் தாங்கிவிட்டது. சங்கத்துக் கிழட்டுப் பெட்டிகளுக்கு இருக்கிற மெமரி எல்லாம் அந்தப் படத்தை விரித்துப் பிடித்துக்கொள்ளவே சரியாகப் போயிற்று. வேறு எதற்கும் கை ஒழியவில்லை. ஷபீனா சொன்ன வழி சுலபம்தான். பெட்டியை அணைத்துத் தட்டினதும் வருகிற பட்டியலில் ஒரு வரி இருக்கும். அதில் படம் காட்டு என்பதற்கான ஒரு வார்த்தை இருக்கும். அதை அழித்துவிட்டு மேலே போகச் சொன்னால் போதும்.

"அத அழிச்சா யார் யார் போவாங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எல்லாரும்தான் அத்தா. நீங்களும்."

ஃபக்ருதீன் கூட்டத்துக்கு நடுவே வந்து விஷயத்தைச் சொன்னார். கலவரம் ஆகிவிட்டது. திறப்பு விழாவன்றே பேரை அழிப்பார்களா, நாளைக்கு வீட்டில் எந்த முகத்தோடு போவது என்றார் ஒருவர். போட்டோவை எடுக்கிறதென்றால் அந்தப் பக்கத்து வரிசையை எடுங்கள், எங்கள் வரிசை லேசானது என்றார் இன்னொருவர். வேணு வாசலிலிருந்து ஓடிவந்து, தன் வட்டம் சின்னதுதான், அது ஒரு பாரமா என்று கேட்டார். அமான் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"நடுவுல நிக்கிற மாமலைய நகர்த்து மச்சான். நாங்க எல்லாம் ஓரத்துல துண்டு துக்காணி."

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். ஃபக்ருதீன் சுலோச்சனாவின் பெட்டிக்கு முன்னால் வந்தார். அணைத்தார், தட்டினார், வரியைத் தேடினார். ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாக அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தார். விரல் அதன் மேல் நின்றது. இத்தனை காலத்தில் எத்தனையோ சரக்குக்குத் தன் பேரை ஒட்டியிருக்கிறார். ஒட்டினதை உரித்துப் பழக்கம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அழித்தார்.

கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மழை மாதிரி ஓடின. நின்றன. அடுத்த மூச்சில் தணிகை எழுந்து உட்கார்ந்தது. போட்டோ இல்லை, பேர் இல்லை, வருக இல்லை. வேலைக்குக் காத்திருக்கிற வெறும் திரை. சுலோச்சனா மவுஸை நகர்த்தினாள். அம்பு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சையில் ஒரு கரையும் அதற்கு உள்ளே அரக்கில் கட்டமும் விழுந்தன. பிடிக்கவில்லை என்று அரக்கை நீலமாக்கினாள். நூல் ஒரு இழைகூடச் செலவாகவில்லை. பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஃபக்ருதீன் அடுத்த பெட்டிக்குப் போய் அழித்தார், அதற்கு அடுத்ததற்கும் போனார்.

கடைசிப் பெட்டி வாசலை ஒட்டி இருந்தது. அதன் முன்னால் ஆண்கள் கூடிக் கைகோத்து நின்றுவிட்டார்கள். இதில் மட்டும் கைவைக்கக் கூடாது என்றார் வேணு. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தோம், இது ஒன்றாவது நம் முகத்தோடு இருக்கட்டும். வேலை செய்யாவிட்டால் போகட்டும், நாங்கள் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?  சுலோச்சனாவும் சரி என்றாள். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

அந்தப் பெட்டி இன்றும் சங்கத்து வாசலில் படத்தைப் பிடித்துக்கொண்டு, ‘ஹேங்’ ஆகி, அப்படியே தொங்கிப்போய் நிற்கிறது. மின்சாரம் போனால், வந்ததும் வேணுவே ஓடிவந்து தட்டிவிட்டு, படம் மலரும்வரை கைகட்டி நிற்கிறார். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். கல்யாணமாகிப் போன பெண்கள் மாப்பிள்ளையோடு வந்து, தங்கள் அப்பாவின் வட்டத்துக்குக் கீழே நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே மற்றப் பெட்டிகளில் கரையும் கட்டமும் ஓடிக்கொண்டிருப்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

போன வாரம் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு சங்கத்தார் திருத்தணிக் கடைக்கு வந்தார்கள். அவர்களிடமும் பழைய பெட்டிகள் இருந்தன, தணிகை ஒன்பது வேண்டும் என்றார்கள். எது வேண்டும், வேலை செய்வதா, படம் காட்டுவதா என்று ஃபக்ருதீன் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பொதட்டூர்பேட்டை வாசலில் நிற்கிறதே அதுதான் வேண்டும், போட்டோக்கள் கொண்டுவந்திருக்கிறோம் என்று ஒரு பெரிய கவரை மேஜைமேல் வைத்தார்கள். சார்ஜ் ஏற்ற வந்து உட்கார்ந்திருந்த அமான் இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவன் போலக் குறுக்கே புகுந்தான். வேலை செய்வது டெபியன்காரன் செய்தது, மச்சானுக்கு அதில் என்ன பங்கு என்று அவர்களிடமே கேட்டான்.

ஃபக்ருதீன் கோபப்படவில்லை. கவரைத் திறந்து முதல் போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆங், வேலை செய்றதுல ஆயிரம் பேர் கை இருக்குது, நான் இல்லேன்னு சொல்லல. அவங்க பேரு உள்ள இருக்குது, நான் ஒண்ணையும் அழிக்கல. ஆனா தொங்கிகினு நிக்குது பார், அத எந்த வெளிநாட்டுக்காரனும் பண்ணல. அது முழுக்க என்னுது."